பாய்மரப் படகு எஞ்சினின் குளிர்விப்பு அமைப்பு: அரிப்பையும் கசிவையும் கண்டறிந்து சீர்செய்யும் முறை

எஞ்சினுக்கு அடியில் நீர்த்துளி ஒன்று தென்பட்டவுடன் ஸ்பேனரை எடுக்கத் தோன்றுவது இயல்பே. ஆனால் அதற்கு முன்பு விடை காண வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: கசிவது கடல்நீரா, கூலன்ட்டா (எஞ்சினுக்குள் சுற்றும் குளிர்விப்புத் திரவமா)? இதைத் தெளிவாக்கிக்கொண்டால் தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும்; இல்லையேல் நல்ல நிலையிலுள்ள ஹோஸ்களைக் கழற்றி மாட்டுவதிலேயே ஒரு நாள் கழிந்துவிடும். தளர்ந்த கிளாம்ப் போன்ற சில்லறைக் காரணங்களை ஒதுக்கிவிட்டால், மாதக்கணக்கில் உள்ளே நடந்துவந்த அரிப்பு வெளியே தலைகாட்டும் கட்டமே கசிவு. சொட்டை மட்டும் நிறுத்திவிட்டு அரிப்பை விட்டுவைத்தால், அது சில மாதங்களில் வேறோர் இடத்தில் வழி திறந்துகொள்ளும்.

பாய்மரப் படகுகளில் உள்ள சிறிய டீசல் எஞ்சின்கள் இரண்டு வகையாகக் குளிர்விக்கப்படுகின்றன. பழைய, எளிய வகையில் கடல்நீரே நேரடியாக எஞ்சின் பிளாக்கினுள் சுற்றி வெளியேறும். இன்று பரவலாக உள்ள வகையில் இரண்டு சுற்றுகள் உண்டு. உள்சுற்றில், கூலன்ட் கலந்த நன்னீர் பிளாக்கிலும் சிலிண்டர் ஹெட்டிலும் ஓடி வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். வெளிச்சுற்றில், படகின் அடிப்பக்கத்திலுள்ள சீகாக் வால்வு வழியாக ஏறும் கடல்நீர், வடிகட்டி, இம்பெல்லர் (ரப்பர் இறக்கைச் சக்கரம்) பம்ப், ஹீட் எக்ஸ்சேஞ்சர் ஆகியவற்றைக் கடந்து, எக்ஸாஸ்ட் எல்போவில் (புகைக்குழாயின் தொடக்க வளைவில்) புகையோடு கலந்து வெளியே போகும். இரண்டு நீரும் ஒன்றோடொன்று கலக்காமல் வெப்பத்தை மட்டும் கைமாற்றிக்கொள்ளும் இடமே ஹீட் எக்ஸ்சேஞ்சர்.

கடல்நீர் நேரடியாக ஓடும் எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் (வெப்பத்துக்கேற்பத் திறக்கும் வால்வு) ஏறத்தாழ 50 டிகிரி செல்சியஸிலேயே திறந்துவிடும்படி அமைக்கப்பட்டிருக்கும். ஏறத்தாழ 60 டிகிரியைத் தாண்டினால் கடல்நீரில் கரைந்துள்ள கால்சியம் உப்புகள் சூடான சுவரில் வேகமாகப் படியத் தொடங்குவதே இதற்குக் காரணம். கூலன்ட் சுற்று உள்ள எஞ்சின்களோ 70 முதல் 85 டிகிரி வரை ஓடும். உருவம் ஒத்துப்போகிறது என்பதற்காக ஒன்றுக்குரிய தெர்மோஸ்டாட்டை மற்றொன்றில் பொருத்தக் கூடாது.

எந்த நீர், எந்த இடம்

எஞ்சின் முழுவதும் ஆறிய பின் அதைத் துணியால் துடைத்து உலர்த்தி, அடியில் வெள்ளைத் தாளையோ உறிஞ்சும் விரிப்பையோ பரப்பிவிட்டு, பத்து நிமிடம் ஓட்டிப் பார்க்க வேண்டும். கடல்நீர் காய்ந்த இடத்தில் உப்புப் பூத்து, விரலால் தேய்த்தால் பொரபொரவென்று உதிரும். கூலன்ட் காய்ந்த இடத்தில் பச்சை, நீலம், இளஞ்சிவப்பு என அதற்குரிய நிறத்தில் கறை இருக்கும். ஈரமாக இருக்கும்போது விரல்களுக்கு இடையே வழவழப்பாகவும், காய்ந்தபின் பிசுக்காகவும் இருக்கும். நாக்கில் வைத்துச் சுவை பார்க்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. கூலன்ட்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருந்தாலும் கடும் நஞ்சு என்பதால் அந்த வழக்கத்தை விட்டுவிடுவதே நல்லது.

நீர் எப்போதும் கீழே இறங்கும். சொட்டு விழும் இடம் கசியும் இடமாக இருக்க வேண்டியதில்லை. ஈரம் தெரியும் மிக உயரமான புள்ளியைத் தேடி மேல்நோக்கிச் செல்ல வேண்டும். பெல்ட்டும் புல்லியும் சுழலும்போது நீரை நாலாபுறமும் வாரியடிக்கும் என்பதால், ஆல்டர்னேட்டரின் மேல் உப்புப் படிந்திருந்தால் அதற்கு நேர் மேலே மட்டும் பார்த்துவிட்டு நின்றுவிடக் கூடாது. தாமிரம், வெண்கலம், பித்தளை ஆகியவற்றாலான இணைப்புகளில் பச்சைக் களிம்பு பூத்திருந்தால், அங்கே இன்று ஈரம் இல்லாவிட்டாலும் மெல்லிய கசிவு நெடுநாளாக நடந்துவருகிறது என்று கொள்ளலாம்.

கூலன்ட் பக்கத்துக் கசிவுகளில் சில, எஞ்சின் சூடேறி அழுத்தம் கூடினால்தான் வெளிப்படும். வேறு சில, குளிர்ந்து சுருங்கும்போது மட்டும் சொட்டும். கார் பழுதுபார்ப்போர் பயன்படுத்தும் ரேடியேட்டர் அழுத்தச் சோதனைக் கருவி இங்கே பேருதவி புரியும். குளிர்ந்த எஞ்சினில் கூலன்ட் தொட்டியின் மூடியைக் கழற்றி, கருவியைப் பொருத்தி, மூடியில் குறித்துள்ள அழுத்தம் வரை (பல எஞ்சின்களில் இது 0.9 பார் அளவில் இருக்கும்) ஏற்றிவிட்டுக் கால்மணி நேரம் காத்திருக்க வேண்டும். முள் இறங்கியும் வெளியே எங்கும் ஈரம் தெரியாவிட்டால், கூலன்ட் உள்ளுக்குள்ளேயே எங்கோ போகிறது.

அது போகக்கூடிய வழிகள் மூன்று. ஹீட் எக்ஸ்சேஞ்சரின் குழாய் ஒன்றில் ஊசித்துளை விழுந்திருந்தால், கூலன்ட் கடல்நீரோடு கலந்து புகைக்குழாய் வழியே சத்தமில்லாமல் கடலுக்குப் போய்விடும். பிளாக்குக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் இடையிலுள்ள அடைப்புத் தகடான ஹெட் கேஸ்கட் பழுதாகியிருந்தால், எஞ்சின் ஓடும்போது கூலன்ட் தொட்டியில் குமிழிகள் இடைவிடாமல் எழும். புகை வெண்மையாகவே நீடிக்கும். மூன்றாவது வழி எண்ணெய்க்குள். எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தால் எண்ணெய் பால் கலந்தாற்போல் வெளுத்திருக்கும். ஆனால் வெளுத்த எண்ணெயைக் கண்டவுடன் ஹெட்டைக் கழற்ற வேண்டாம். கியரால் நேரடியாக இயங்கும் கடல்நீர் பம்ப் உள்ள எஞ்சின்களில், பம்பின் சீல்கள் கெட்டாலும் கடல்நீர் எண்ணெய்க்குள் இறங்கும். கூலன்ட் அளவு குறையாமல் எண்ணெய் மட்டும் வெளுத்திருந்தால் முதல் சந்தேகம் பம்பின்மேல்தான் விழ வேண்டும்.

அரிப்பின் மூலமும் துத்தநாகத்தின் வேலையும்

இரு வேறு உலோகங்கள் கடல்நீரில் நனைந்தபடி ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால், மின்னழுத்தம் தாழ்ந்த உலோகம் கரைந்து மற்றதைக் காக்கும். வெள்ளி–வெள்ளிக் குளோரைடு மின்முனையை அளவுகோலாகக் கொண்டால், கடல்நீரில் துத்தநாகம் ஏறத்தாழ −1.03 வோல்ட்டிலும், இரும்பு −0.6 வோல்ட்டை ஒட்டியும், தாமிரக் கலவைகள் −0.2 முதல் −0.4 வோல்ட் வரையிலும் நிற்கின்றன. ஹீட் எக்ஸ்சேஞ்சரில் பென்சில் வடிவத் துத்தநாக அனோடைத் திருகி வைப்பது, விலையுயர்ந்த குழாய்த் தொகுதிக்கு முன்பாக அது கரையட்டும் என்பதற்காகவே. இது கடல்நீர் ஓடும் பக்கத்துக்கு மட்டுமே உரியது. கூலன்ட் பக்கத்தைக் காப்பது கூலன்ட்டில் உள்ள அரிப்புத் தடுப்பான்கள். கடல்நீர் பக்கத்திலும் ஓர் அனோடின் காவல் அது மூழ்கியிருக்கும் அறையைத் தாண்டி அதிகத் தொலைவு எட்டாது. ஆகவே படகுக்கு வெளியே சுழலிக்கு அருகில் புதிய அனோட் போட்டிருக்கிறோம் என்ற நிம்மதி, எஞ்சினுக்குள் இருப்பதைப் பொறுத்தவரை பொருளற்றது.

அனோடை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவது என்பதற்குப் பொதுவான விடை கிடையாது. நீரின் வெப்பம், உப்பின் அளவு, படகின் மின்னிணைப்புகள் என எல்லாமே அதைத் தீர்மானிக்கும். புதிதாகப் பொறுப்பேற்ற படகில் முதல் பருவத்தில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கழற்றிப் பார்த்துக் கரையும் வேகத்தை அறிந்துகொள்ள வேண்டும். பாதி கரைந்தவுடன் மாற்றிவிட வேண்டும். திருகுமரையில் டெஃப்லான் டேப் சுற்றக் கூடாது. உலோகத்தோடு உலோகம் தொட்டு மின்சாரம் பாய்ந்தால்தான் அனோட் வேலை செய்யும். ஓராண்டு கழித்தும் அனோட் புதிதுபோல் பளபளப்பாக இருந்தால் மகிழ்வதற்கு ஒன்றுமில்லை. அது எதையும் காக்கவில்லை என்பதே அதன் பொருள். கழற்றும்போது நுனி ஒடிந்து உள்ளே விழுந்திருந்தால் அந்தத் துண்டையும் வெளியே எடுத்தாக வேண்டும், ஏனெனில் அது குழாய்களின் வாயை அடைத்து நீரோட்டத்தைக் குறைத்துவிடும்.

வழக்கமாக ஆறு மாதம் தாங்கிய அனோட் திடீரென்று சில வாரங்களில் கரைந்துபோனால், அது மின்கசிவைச் சுட்டுகிறது. எல்லாச் சுவிட்சுகளையும் அணைத்துவிட்டு, பேட்டரியின் நேர்முனைக் கேபிளைக் கழற்றி, இடையில் மல்டிமீட்டரை மில்லி ஆம்பியர் அளவில் தொடராக இணைத்துப் பார்க்க வேண்டும். பேட்டரியோடு நேரடியாக இணைந்த சாதனங்களைக் கழித்த பிறகும் மின்னோட்டம் தெரிந்தால், ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துக் குற்றவாளியைக் கண்டுபிடிக்கலாம். படகின் அடித்தளத்தில் தேங்கிய நீருக்குள் கிடக்கும் பில்ஜ் பம்பின் ஒயர் இணைப்பை முதலில் பார்ப்பது நேரத்தை மிச்சப்படுத்தும்.

பித்தளையின் கேடு தனி வகை. அதிலுள்ள துத்தநாகம் மட்டும் கரைந்து போய், எஞ்சிய தாமிரம் பஞ்சுபோல் நிற்கும். வடிவம் மாறாது, வலிமை மட்டும் போயிருக்கும். இணைப்பின் மேற்பரப்பைக் கத்தியால் சுரண்டிப் பார்த்தால், மஞ்சளுக்குப் பதில் இளஞ்சிவப்பு தெரியும். அத்தகைய இணைப்பைக் கையால் முறுக்கினாலே ஒடியக்கூடும் என்பதால், படகு நீரில் இருக்கும்போது சீகாக் பக்கத்தில் அதைச் சோதிக்கத் துணிய வேண்டாம். மாற்றும்போது வெண்கலமோ, துத்தநாகம் கரையாதவாறு தயாரிக்கப்பட்ட சிறப்புப் பித்தளையோதான் போட வேண்டும்.

கடல்நீர் பம்ப்

பம்ப் உடலின் அடிப்பக்கத்தில், நீருக்கான சீலுக்கும் எண்ணெய்க்கான சீலுக்கும் நடுவே, சிறு துளை ஒன்று இருக்கும். அதைக் கண்ணாடியும் டார்ச்சும் வைத்துப் பார்க்க வேண்டும். அங்கிருந்து நீர் சொட்டினால் நீர் சீல் போய்விட்டது; எண்ணெய் சொட்டினால் எண்ணெய் சீல். இந்தத் துளை உப்பால் அடைபட்டிருந்தால் நிலைமை மோசமாகும்: கசிந்த நீர் வெளியேற வழியின்றிப் பேரிங்குக்குள்ளும், சில பம்புகளில் எஞ்சின் எண்ணெய்க்குள்ளும் நுழைந்துவிடும். சொட்டை நிறுத்துவதற்காக இத்துளையைப் பசையால் அடைத்து வைத்திருக்கும் படகுகளும் உண்டு என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சீல் மாற்றும்போது ஷாஃப்டின்மேல் விரல் நகத்தை ஓட்டிப் பார்க்க வேண்டும். நகம் சிக்கும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தால் புதிய சீலும் விரைவில் கசியும், ஷாஃப்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

இம்பெல்லரை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது சிக்கனமான வழக்கம். வேலையைத் தொடங்குமுன் சீகாக்கை மூடி, எஞ்சின் சாவியை அந்தக் கைப்பிடியிலேயே மாட்டிவிட்டால், வால்வைத் திறக்க மறந்து எஞ்சினை முடுக்கும் அபாயம் இருக்காது. பழைய இம்பெல்லரின் இறக்கைகளை எண்ணிப் பார்க்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் அந்த ரப்பர்த் துண்டு ஹீட் எக்ஸ்சேஞ்சரின் நுழைவாயிலிலோ அதற்கு முந்தைய வளைவிலோ சிக்கியிருக்கும். தேடி எடுக்காமல் மூடினால் எஞ்சின் மீண்டும் சூடாகும். புதியதைச் செருகும்போது கிளிசரினோ சோப்புத் தண்ணீரோ தடவலாம். பெட்ரோலியக் கிரீஸ் ரப்பரைக் கெடுக்கும். முன்மூடியின் உட்பக்கத்தில் வட்டமாகத் தேய்மானம் தெரிந்தால், எழுத்துப் பொறிப்பு இல்லாத மூடியாக இருப்பின் திருப்பிப் போட்டு இன்னும் சில காலம் ஓட்டலாம்.

ஹீட் எக்ஸ்சேஞ்சரைத் திறத்தல்

சீகாக்கை மூடி, கூலன்ட்டைத் தூய பாத்திரத்தில் வடித்த பின்பே இதைத் தொடங்க வேண்டும். இரு முனை மூடிகளையும் குழாய்த் தொகுதியையும் கழற்றும் முன்பு, அவை அமர்ந்திருந்த நிலையை மார்க்கர் பேனாவால் குறித்துவிட வேண்டும். மூடிக்குள் இருக்கும் தடுப்புச் சுவர், நீரைக் குழாய்களின் ஒரு பாதியில் அனுப்பி மறுபாதியில் திருப்புவதற்காக உள்ளது. மூடியைத் தவறான கோணத்தில் மாட்டினால் எங்கும் கசியாது, ஆனால் எஞ்சின் சூடாகும், காரணமும் எளிதில் பிடிபடாது.

குழாய்களுக்குள் படிந்திருப்பது பெரும்பாலும் சுண்ணாம்பு உப்பு. சிறிதளவே இருந்தால் குழாயின் விட்டத்தைவிடச் சற்று மெல்லிய மரக்குச்சியை உள்ளே செலுத்தித் தள்ளிவிடலாம். இரும்புக் கம்பியைப் பயன்படுத்தினால் மெல்லிய தாமிர–நிக்கல் சுவர் கீறப்பட்டு, அடுத்த ஊசித்துளைக்கு அடித்தளம் போட்டதாகிவிடும். கெட்டியான படிவுக்கு அமிலம் தேவைப்படும். சிட்ரிக் அமிலக் கரைசலில் ஊறவைப்பது மெதுவான, பாதுகாப்பான வழி. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் நுரைத்துப் பொங்கி வேகமாகக் கரைக்கும். எதுவானாலும் அமிலத்தைத்தான் நீரில் ஊற்ற வேண்டும், நீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது. கண்ணாடியும் கையுறையும் அணிந்து, காற்றோட்டமான திறந்தவெளியில் செய்ய வேண்டும். நுரை அடங்கியவுடன் வெளியே எடுத்து, சமையல் சோடா கரைத்த நீரில் முக்கி, நன்னீரில் பலமுறை அலச வேண்டும். சிறிய எஞ்சின்கள் பலவற்றில் வெளிக்கூடு அலுமினிய வார்ப்பு. அதன்மேல் இந்த அமிலம் ஒரு துளிகூடப் படக் கூடாது. குழாய்த் தொகுதியைத் தனியே பிரித்தெடுக்க முடியாவிட்டால் அமிலத்தையே மறந்துவிடுவது மேல்.

சுத்தம் செய்தபின் கசிவுச் சோதனை. முன்பு படிவே அடைத்துவைத்திருந்த துளைகள் இப்போது திறந்திருக்கக்கூடும் என்பதால் இதைத் தவிர்க்கக் கூடாது. கூலன்ட் பக்கத்து வாய்களை ரப்பர் அடைப்பான்களால் மூடி, நீர் நிறைந்த வாளியில் அமிழ்த்தி, ஏறத்தாழ 1 பார் அழுத்தத்துக்குக் காற்றை ஏற்றினால், குமிழி வரும் குழாய் தன்னைக் காட்டிக்கொடுக்கும். ஒரே ஒரு குழாய் என்றால் அதன் இரு முனைகளையும் வெள்ளி சால்டரால் அடைத்துவிட்டு ஓட்டலாம். இரண்டு மூன்று என்றால் மற்றவையும் அதே நாளில் பிறந்தவையே என்று எண்ணிப் புதிய தொகுதி வாங்குவதுதான் என் பரிந்துரை.

கசிவு பல நேரங்களில் குழாயில் அல்ல, ஓ-ரிங் (ரப்பர் அடைப்பு வளையம்) அமரும் விளிம்பில்தான் இருக்கும். அலுமினியக் கூட்டின் அந்த வளையத்தில் வெள்ளைப் பொடி படிந்து, அதன் அடியில் குழிகள் விழுந்திருக்கும். பொடியை நைலான் தூரிகையால் நீக்கி, குழி ஆழமில்லாவிட்டால் உலோக எப்பாக்ஸியால் நிரப்பி, காய்ந்தபின் மென்மையாகத் தேய்த்துச் சமப்படுத்தலாம். போல்ட்டுகள் சிக்கிக்கொள்ளாமலிருக்கத் தாமிரத்தூள் கலந்த கிரீஸ் பூசும் வழக்கத்தை அலுமினியத்தில் பின்பற்றக் கூடாது. அரிப்பை நாமே விதைப்பதாகிவிடும்.

எக்ஸாஸ்ட் எல்போ

இந்த அமைப்பில் மிகக் கடுமையான வாழ்க்கை எல்போவுக்குத்தான். டீசலில் உள்ள கந்தகம் எரிந்து ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகிறது. அதனோடு சூடான உப்புநீரும் கரிப்புகையும் கலக்கின்றன. வார்ப்பிரும்பாக இருந்தாலும் துரு ஏறா எஃகாக இருந்தாலும் எல்போ ஒருநாள் தேய்ந்தே தீரும்.

வெளிச்சுவரில் துளை விழுந்தால் துருக்கறையும் உப்பும் புகைநாற்றமும் உடனே காட்டிக்கொடுத்துவிடும். ஆபத்து உட்சுவரில்தான். பல எல்போக்கள் இரட்டைச் சுவர் கொண்டவை. புகை உள்ளே, நீர் வெளியே. உட்சுவரில் துளை விழுந்தால், எஞ்சின் அணைந்தபின் கடல்நீர் எக்ஸாஸ்ட் வால்வு வழியாகச் சிலிண்டருக்குள் இறங்கக்கூடும். நீரை அழுத்திச் சுருக்க முடியாது. அடுத்தமுறை ஸ்டார்ட்டரை அழுத்தும்போது பிஸ்டனைத் தாங்கும் தண்டான கனெக்டிங் ராடு வளைந்துபோகலாம். ஆகவே வெளியே குறை ஏதும் தெரியாவிட்டாலும் ஆண்டுக்கு ஒருமுறை எல்போவைக் கழற்றி உள்ளே பார்க்க வேண்டும். கரி பாதி வழியை அடைத்திருந்தால் சுரண்டி எடுக்க வேண்டும். ஸ்க்ரூடிரைவர் முனையால் குத்தும்போது உலோகம் செதில்செதிலாக உதிர்ந்தால் புதியது வாங்க வேண்டும். இதில் வெல்டிங் ஒட்டு வைத்து மிச்சம் பிடிப்பதை நான் ஆதரிப்பதில்லை.

நீர் எல்போவுக்குள் நுழையும் இடம் படகின் நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தாலோ, அதற்கு மேலே 15 சென்டிமீட்டருக்கும் குறைவாக இருந்தாலோ, ஹோஸை உயரே வளைத்துக் காற்றுவால்வு பொருத்தியிருக்க வேண்டும். அந்த வால்வு உப்பால் ஒட்டிக்கொண்டால் எஞ்சின் அணைந்தபின்னும் நீர் தானாக இழுபட்டு சைலன்சரை நிரப்பும். வெந்நீரில் கழுவி வைப்பது போதும். எஞ்சின் எளிதில் ஸ்டார்ட் ஆகாமல் திரும்பத் திரும்பச் சுழற்ற நேர்ந்தால் சீகாக்கை மூடிவிட்டுச் சுழற்றி, எஞ்சின் பிடித்துக்கொண்ட உடனே திறக்க வேண்டும் என்பதும் இதே காரணத்துக்காகவே.

ஹோஸ்களும் கிளாம்ப்களும்

ஹோஸை விரல்களால் அழுத்தும்போது கொழகொழவென்றோ, மொறுமொறுப்பாகவோ இருந்தால் மாற்றிவிட வேண்டும். கிளாம்ப்பில் வளையம் துரு ஏறா எஃகாக இருந்தும் திருகு சாதாரண இரும்பாக இருப்பது உண்டு. காந்தத்தை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். வளையத்தின் அடிப்பகுதி, கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில்தான் முதலில் விரிசல் விடும் என்பதால் கண்ணாடி வைத்துச் சுற்றிலும் பார்க்க வேண்டும். நீர்மட்டத்துக்குக் கீழுள்ள இணைப்புகளில், முனை போதிய நீளம் இருந்தால் இரண்டு கிளாம்ப்கள் போடலாம். முனை குட்டையாக இருந்தால் இரண்டாவது கிளாம்ப் ஹோஸை வெட்டுவதைத் தவிர வேறெதுவும் செய்யாது.

கடலில் இருக்கும்போது

கரை தொலைவில் இருக்கையில் கூலன்ட் கசியத் தொடங்கினால், எஞ்சினை அணைத்துப் பாயை ஏற்றிவிட்டு ஆறவிடுவதே முதல் வேலை. சூடான எஞ்சினில் கூலன்ட் தொட்டியின் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறிடும். ஆறியபின் ஹோஸ் விரிசலின்மேல் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் சிலிக்கான் டேப்பை இழுத்து இறுக்கமாகப் பல சுற்றுகள் சுற்றலாம். மேற்பரப்பு உலர்ந்திருக்க வேண்டும். பிறகு நன்னீர் நிரப்பி, மூடியை முதல் நிலை வரை மட்டும் திருகி வைத்தால் உள்ளே அழுத்தம் ஏறாமல் கசிவும் குறையும். அழுத்தமின்றிக் கொதிநிலை தாழும் என்பதால் வேகத்தைக் குறைத்து, வெப்பமானியில் கண் வைத்தபடி துறைமுகம் சேரலாம். கூலன்ட்டின் வெப்பத்தால் சூடேறும் வெந்நீர்த் தொட்டிக்குப் போகும் கிளையில் கசிவு என்றால், அந்தக் கிளையின் இரு முனைகளையும் எஞ்சினில் ஒரே ஹோஸால் இணைத்துவிடலாம். கசிவை அடைக்கும் பொடிகளையும் திரவங்களையும் ஊற்றுவதைத் தவிர்க்க வேண்டும். அவை துளையை மட்டுமன்றி மெல்லிய குழாய்களையும் அடைக்கும்.

மீண்டும் நிரப்புதல்

வடித்த கூலன்ட் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு மேல் பழையதாக இருந்தால் அதைத் திரும்ப ஊற்ற வேண்டாம். நிறம் மங்காதிருந்தாலும் அரிப்புத் தடுப்பான்கள் தீர்ந்திருக்கும். எஞ்சின் கையேடு குறிப்பிடும் வகையையே, காய்ச்சி வடித்த நீரோடு சரிபாதியாகக் கலந்து ஊற்ற வேண்டும். வேறு வேறு வகைகளைக் கலந்தால் சில நேரங்களில் கூழாகத் திரளும். மெதுவாக ஊற்றி, காற்று வெளியேற்றும் திருகைத் திறந்து, குமிழியற்ற நீர் வரும்வரை காத்திருந்து மூட வேண்டும்.

சீகாக்கைத் திறந்து எஞ்சினை முடுக்கியவுடன் புகைக்குழாய் வழியே நீர் துப்பப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். அரைமணி நேரம் சுமையேற்றி ஓட்டி, அணைத்து, அடியில் புதிய வெள்ளைத் தாளை விரித்து இரவு முழுதும் விட்டுவைக்க வேண்டும். புதிய ஹோஸ் சூட்டில் சற்று அமுங்கிக்கொடுக்கும். ஆகவே மறுநாள் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கூலன்ட் அளவைச் சரிபார்த்து, எல்லாக் கிளாம்ப்களையும் இன்னொரு முறை அளவாக இறுக்கிவிட வேண்டும்.